வெளிர் சந்தனமா, அடர் நீலமா?

உள்சுவருக்கு நிறம் பார்க்கும் வேலை பெரும்பாலும் இரண்டு வரிசைகளில் வந்து நிற்கும். சந்தனம், கிரீம், பிஸ்கட், பீச் என்று மஞ்சளையும் இளஞ்சிவப்பையும் ஒட்டிய வெளிர் நிறங்கள் ஒரு வரிசை. மயில் நீலம், கருநீலம், பாசிப்பச்சை, ஸ்லேட் சாம்பல் என்று குளிர்ந்த அடர் நிறங்கள் இன்னொரு வரிசை. ஷேடு கார்டை மடியில் வைத்துக்கொண்டு குடும்பமே இரண்டு கட்சியாகப் பிரிவதும் இந்த இடத்தில்தான். ஆனால் இதில் இருப்பது ஒரு முடிவு அல்ல, இரண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பக்கமா, நீலம், பச்சைப் பக்கமா என்பது முதல் முடிவு. வெளிறியதா, அடர்ந்ததா என்பது இரண்டாவது. இளம் சாம்பலும் ஐஸ் நீலமும் வெளிறிய குளிர் நிறங்கள். செங்காவியும் அரக்கும் அடர்ந்த சூடான நிறங்கள். அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905-ல் வெளியிட்ட நூலில் நிறத்தைச் சாயல், வெளிச்ச அளவு, செறிவு என மூன்று தனி அளவுகளாகப் பிரித்துக் காட்டினார். இன்றைய பெயிண்ட் கம்பெனிகளின் ஷேடு கார்டுகளும் ஏறக்குறைய இந்த மூன்றையும் வைத்துத்தான் அடுக்கப்படுகின்றன.

இவற்றில் அறையின் போக்கை முடிவு செய்வது வெளிச்ச அளவு. வேலை முடிந்தபின் வீட்டுக்காரர் சொல்லும் குறைகளைக் கவனித்தாலே இது புரியும். "ரூம் இருட்டடிச்சுப் போச்சு" என்பார்கள். "கண்ணு கூசுது" என்பார்கள். "கார்டுல பார்த்தது இவ்வளவு அழுத்தமா இல்லையே" என்பார்கள். "நீலமாக இருக்கிறது" என்று சொல்லி மறுபடி அடிக்கச் சொல்பவர்கள் குறைவு, ஏனென்றால் நீலம் வரும் என்று தெரிந்துதான் அதை எடுத்தார்கள்.

வெளிச்ச அளவைச் சொல்ல எல்.ஆர்.வி. என்ற எண் உண்டு. ஒரு பரப்பில் விழும் ஒளியில் எத்தனை சதவீதத்தை அது திருப்பி அனுப்புகிறது என்பதே அந்த எண். பல கம்பெனிகள் இதை ஷேடு விவரத்தோடு தருகின்றன. கடையில் கேட்டு வாங்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. நல்ல வெள்ளை 85-ஐ ஒட்டி இருக்கும். கிரீம் வகைகள் 70-க்கு மேல் நிற்கும். கருநீலம் 10-க்குக் கீழே போய்விடும். விளக்குகளைக் கணக்கிடும் பொறியாளர்கள் மேல்தளம் 70, சுவர் 50, தரை 20 என்று வழக்கமாக வைத்துக்கொள்வார்கள். சுவர் 50-க்கு மிகவும் கீழே இறங்கினால் அந்தக் கணக்கில் வாங்கிய விளக்கு போதாது.

ஓர் அறையில் ஒளி ஒரு முறை மோதி நின்றுவிடுவதில்லை. சன்னல் வழியே வந்த ஒளி தரையில் பட்டு, சுவருக்குப் போய், எதிர்ச்சுவரில் மோதி, மேல்தளத்துக்கு ஏறி, மறுபடி இறங்குகிறது. எல்லாப் பரப்பும் ஒரே நிறத்தில் இருக்கும் மூடிய அறையை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிது. உள்ளே வரும் ஒளி 100 பங்கு. எல்லாப் பரப்பும் 80 சதவீதம் திருப்பினால் முதல் மோதலில் 80, அடுத்ததில் 64, அதற்கடுத்து 51 என்று போய், மொத்தம் 400 பங்கு ஒளி அறைக்குள் சுற்றும். திருப்பும் அளவு 50 சதவீதமானால் 50, 25, 12.5 என்று குறைந்து மொத்தம் 100 பங்குதான். 10 சதவீதம் திருப்பும் கருநீலமானால் 10, 1 என்று இரண்டே மோதலில் தீர்ந்து, மொத்தம் 11 பங்கில் நின்றுவிடும். நிஜ அறையில் வெளிச்சத்தை வெளியே விடும் சன்னல் உண்டு, வெள்ளை மேல்தளம் உண்டு, கட்டில் பீரோ உண்டு. ஆகவே வித்தியாசம் இவ்வளவு கொடூரமாக இருக்காது. ஆனால் போக்கு இதுதான். 80-லிருந்து 50-க்கு இறங்கும்போதே அறைக்குள் சுற்றும் ஒளியில் முக்கால் பங்கு போய்விடுகிறது. வெள்ளைச் சுவரை "கொஞ்சம்" மங்கலாக்கினாலும் அறை எதிர்பார்த்ததைவிட மங்குவது இதனால்தான்.

இதே கணக்கு வெளிர் சூடு நிறங்களின் ஒரு குணத்தையும் விளக்குகிறது. கார்டில் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கும் சந்தனம் நான்கு சுவரிலும் ஏறியதும் மஞ்சள் தூக்கலாகிவிடுகிறது. கடைக்காரர் கலவையில் தவறு செய்துவிட்டார் என்று டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். கலவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒரு கிரீம் நிறம் ஒளியில் உள்ள சிவப்பு, மஞ்சள் பகுதியில் 85 சதவீதத்தையும் நீலப் பகுதியில் 60 சதவீதத்தையும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோதலில் இவற்றின் விகிதம் 1.4 தான். இரண்டாவது மோதலில் 72-க்கு 36 என்று ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. மூன்றாவதில் 61-க்கு 22. ஒவ்வொரு சுவரும் எதிர்ச்சுவரின் நிறத்தை வாங்கித் தன் நிறத்தையும் சேர்த்து அனுப்புவதால் மஞ்சள் பெருகிக்கொண்டே போகிறது. அறையின் மூலையில் இது கண்ணுக்கே தெரியும். இரண்டு சுவர் சேரும் இடத்தில் அதே பெயிண்ட் ஒரு படி அழுத்தமாக நிற்கும்.

அடர் நீலத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அது முதல் மோதலிலேயே பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிடுவதால் இரண்டாவது மோதலுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே நிறத்தைப் பொறுத்தவரை அடர் நிறம் கார்டில் உள்ளபடியே வரும். ஏமாற்றுவது வெளிர் நிறம்தான். பொதுவான நினைப்பு இதற்கு நேர்மாறு. துணிச்சல் இல்லாதவர்கள் வெளிர் நிறத்தைப் பாதுகாப்பு என்று எண்ணிப் பார்க்காமல் எடுப்பதும், அடர் நிறத்துக்கு மட்டும் பத்து முறை யோசிப்பதும் வழக்கம். அனுபவமுள்ள பெயிண்டர்கள் வெளிர் நிறத்தில்தான் அதிகம் கவனம் வைப்பார்கள். பிடித்த கட்டத்துக்கு ஒன்று அல்லது இரண்டு படி மேலே, அதாவது அதே வரிசையில் இன்னும் வெளிறிய கட்டத்தை எடுக்கச் சொல்வார்கள். கார்டில் "இது வெள்ளை மாதிரியே இருக்கே" என்று தோன்றுகிற நிறம் சுவரில் நல்ல கிரீமாக நிற்கும்.

வெளிர் நிறத்துக்குள் என்ன சாயல் மறைந்திருக்கிறது என்பதைத் தனியே பார்த்தால் தெரியாது. ஒரு வெள்ளைத் தாளைக் கட்டத்தின் பக்கத்தில் வைத்தால் உடனே தெரிந்துவிடும். ஒரு ஆஃப் ஒயிட்டில் இளஞ்சிவப்பு இருக்கும், இன்னொன்றில் பச்சை ஓடும். பச்சை ஓடும் கிரீம்தான் ராத்திரி டியூப்லைட்டில் நோயாளி முகம் போல வெளிறி, வாங்கியவரை வருத்தப்பட வைப்பது.

நிறம் பார்க்கும்போது அறையின் திசை அடுத்து வருகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்ட அலங்கார நூல்கள் வடக்கு அறைக்குச் சூடான நிறம், தெற்கு அறைக்குக் குளிர்ந்த நிறம் என்று சொல்லும். அந்த ஊர்களில் அது சரி. லண்டனில் நண்பகல் சூரியன் ஒருநாளும் வடக்கே போவதில்லை. வடக்குச் சன்னலில் வருவது வானத்தின் நீல ஒளிதான். சென்னை 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும், ஆனால் டிசம்பரிலும் நண்பகலில் 53 பாகை உயரத்துக்குக் குறைவதில்லை. சன்ஷேடு அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எனவே தமிழ்நாட்டு வீட்டில் வடக்கு தெற்கைவிடக் கிழக்கு மேற்குதான் நிறத்தை ஆட்டிவைக்கிறது. மேற்குப் பார்த்த அறையில் மாலை மூன்று மணிக்கு மேல் தாழ்ந்த வெயில் மஞ்சளாக உள்ளே பாயும். அங்கே சந்தனம் அடித்தால் நாலரை மணிக்கு ஆரஞ்சாக எரியும். அந்த அறைக்கு இளம் சாம்பல்பச்சையோ நடுத்தர நீலமோ நன்றாக உட்காரும். கிழக்குப் படுக்கையறைக்கு வெயில் வரும் நேரத்தில் பெரும்பாலும் ஆட்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அந்த அறையை இரவு விளக்கில் பார்த்துத் தீர்மானிப்பதே பொருத்தம்.

நகரத்து வீடுகளில் திசை என்பதே பாதிப் பேச்சுத்தான். பக்கத்து வீட்டுச் சுவர் நான்கடி தள்ளி நிற்கும் இடத்தில் சன்னலுக்கு வானம் தெரியாது. அந்தச் சுவரில் பட்ட ஒளிதான் உள்ளே வரும். பக்கத்துக்காரர் கிளிப்பச்சை அடித்திருந்தால் இங்கே கிரீம் சுவரும் பச்சை தட்டும். இதற்கு எந்த ஷேடு கார்டிலும் மருந்து இல்லை. தரையும் அப்படித்தான். பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை, ஆத்தங்குடி டைல்ஸ் இவையெல்லாம் வெயில் பட்டால் சுவரின் கீழ்ப்பகுதியைச் சிவக்க வைக்கும். வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட புது அடுக்ககத்தில் தரையே இரண்டாவது சன்னலாக வேலை செய்வதால் அடர் சுவரைத் தாங்கும் சக்தி அந்த அறைக்கு அதிகம். கொசுவலை அடித்த சன்னல் நல்ல அளவு ஒளியைக் குறைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வலை அடிக்கும் முன் நிறம் பார்த்து, பெயிண்ட் காய்ந்தபின் வலை அடித்துவிட்டு, இருட்டாகிவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு.

பெரும்பாலான குடும்பங்கள் கூடத்தில் ஒன்றாக உட்காருவது இரவில். அப்போது சுவரின் நிறத்தைத் தீர்மானிப்பது விளக்கு. டியூப்லைட், எல்.இ.டி. பெட்டிகளில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 4000 இரண்டுக்கும் நடுவே. தமிழ்நாட்டு வீடுகளில் 6500-தான் பெருவழக்கு. 6500 விளக்கில் கிரீம் வெளுத்துப் போகும், பீச் சாம்பலாகும். நீலங்கள் துடிப்பாக நிற்கும். 2700 விளக்கில் நேர்மாறு: சந்தனம் பொன்னிறமாக மலரும், கருநீலமோ கறுப்பாகிவிடும், காரணம் அந்த விளக்கில் நீல ஒளி மிகக் குறைவு, திருப்பி அனுப்பச் சுவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அடர் நீலச் சுவர் வேண்டும், மஞ்சள் விளக்கும் வேண்டும் என்பவர்கள் கருநீலத்துக்குப் பதில் ஒரு படி வெளிறிய, பச்சை கலந்த மயில் நீலத்துக்கு வந்தால் நிறம் பிழைக்கும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற இன்னோர் எண்ணும் பெட்டியில் இருக்கும். அது 80-க்குக் கீழே இருந்தால் எந்த நிறத்தையும் அந்த விளக்கில் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். 90-க்கு மேல் கிடைத்தால் நல்லது. பகலில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு கிரீம்கள் இரவில் பிரிந்து நிற்பதும், திரைச்சீலைக்கு ஒத்திருந்த சுவர் ராத்திரி ஒத்துப்போகாததும் விளக்கின் வேலை. பட்டுப்புடவைத் தலைப்பைக் கொண்டுவந்து "இதே எம்.எஸ். ப்ளூ வேணும்" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். பட்டின் பளபளப்பு ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு நீலத்தைக் காட்டும். மேட் சுவர் ஒரே நீலத்தைத்தான் காட்டும்.

மங்கிய ஒளியில் கண் வேறு மாதிரி பார்க்கிறது. செக் நாட்டு உடலியலாளர் பர்கின்யே 1819-ல் கவனித்துச் சொன்னது இது: பொழுது சாயும்போது சிவப்பு முதலில் கறுக்கிறது, நீலம் கடைசிவரை தெரிகிறது. படுக்கையறையில் இரவு விளக்கு மட்டும் எரியும்போது அரக்குச் சுவர் கருங்குழியாகிவிடும். அதே அளவு அடர்ந்த நீலச் சுவர் சாம்பலாக மங்கித் தெரியும். படுக்கையறைக்கு அடர் நிறம் வேண்டுமென்றால் அது குளிர்ப் பக்கம் இருப்பது நல்லது என்ற பழக்கத்துக்கு இப்படி ஓர் அடிப்படை உண்டு.

குளிர்ந்த நிறம் அடித்தால் அறை குளிரும் என்ற நம்பிக்கைக்கு அப்படி அடிப்படை இல்லை. வெயில் நேராகப் படும் மொட்டைமாடியில் வெள்ளை அடித்தால் கீழே சூடு குறையும், அதில் சந்தேகமில்லை. உள்சுவரில் வெயில் படுவதில்லை. சுவர் தன் சூட்டை அறைக்குள் விடும் அளவு எல்லாப் பெயிண்டிலும், கறுப்பானாலும் வெள்ளையானாலும், ஏறக்குறைய ஒன்றுதான். நீல அறையில் உட்கார்ந்தால் குளுமையாகத் தோன்றுவது மனத்தின் வேலை. தெர்மாமீட்டர் அதை ஒப்புக்கொள்ளாது. அடர் அறைக்குக் கூடுதல் விளக்கு போட்டால் அந்த விளக்கின் சூடு கூடத்தான் செய்யும்.

அடர் நிறம் சுவரை அருகே இழுக்கும், வெளிர் நிறம் தள்ளி வைக்கும் என்பது ஓரளவு சரி. ஆனால் குளிர் நிறம் சுவரை விலக்கிக் காட்டும் என்றும் ஒரு விதி உண்டு. இரண்டையும் சேர்த்தால் அடர் நீலம் என்ன செய்யும்? நடைமுறையில் சுற்றியுள்ள பரப்புகளோடு அதற்குள்ள வேறுபாடுதான் வெல்கிறது. வெள்ளை அறையில் ஒரே சுவரை மட்டும் கருநீலமாக்கினால் அந்தச் சுவர் முன்னே வரும். நீளவாட்டில் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ரயில்பெட்டி வீடுகளில் கடைசிச் சுவருக்கு அடர் நிறம் கொடுத்தால் நீளம் குறைந்து தெரிவது இதனால்தான். நான்கு சுவரும் கருநீலமானால் மூலைகள் மறைந்து, எல்லை எங்கே என்று தெரியாமல், அறை சிறிதாகவும் தெரியாது பெரிதாகவும் தெரியாது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு வாழும் அறைக்குக் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர் என்கிறது. அந்த ஒன்பதடி உயரத்தோடு நிற்கும் அடுக்ககங்களில் மேல்தளத்துக்கு அடர் நிறம் கொடுக்காமல் இருப்பது நல்லது. மின்விசிறியும் சேர்ந்து தலையில் இறங்குவது போலிருக்கும்.

பக்கத்தில் இருக்கும் நிறமும் கணக்கில் வரவேண்டும். பாரிஸ் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப்பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரூல், நெய்த துணியில் கறுப்பு சரியாக நிற்கவில்லை என்ற புகாரை ஆராய்ந்தபோது குற்றம் சாயத்தில் இல்லை, அருகில் ஓடிய நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். 1839-ல் அதை நூலாக்கினார். சுவரிலும் அதே கதை. மூன்று சுவர் கிரீம், ஒரு சுவர் கருநீலம் என்று அடித்தால் கிரீம் தனியாக இருந்தபோது தெரிந்ததைவிட ஆரஞ்சாகத் தெரியும். நடுநிலையான சாம்பல்கூட நீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் தட்டும். இந்த இரண்டு நிறங்களையும் ஒரே அறையில் சேர்ப்பவர்கள் கிரீமில் மஞ்சளைக் குறைத்து, வெள்ளைக்கு நெருங்கிய ஐவரிக்குப் போவது உத்தமம். அடர் சுவர் எதுவாக வேண்டும் என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது: சன்னல் இருக்கும் சுவராக அது இருக்கக்கூடாது. பகலில் சன்னல் பளீரென்று எரிய, சுற்றியுள்ள சுவர் கறுத்து நின்றால் கண் இரண்டுக்கும் நடுவே தத்தளிக்கும். சன்னலுக்கு எதிர்ச்சுவர் ஒளியை நேராக வாங்குவதால் அடர் நிறம் அங்கேதான் தன் நிறத்தைக் காட்டும். சின்ன அறையில் அதையும் அடர்த்தியாக்கினால் திரும்பி வரும் ஒளி போய்விடும். அப்போது பக்கச்சுவர் ஒன்றுக்கு மாற்ற வேண்டியதுதான்.

வேலைத்தரம் என்று பார்த்தால் இரண்டு நிறமும் ஒரே கூலிக்கு ஆகாது. வெளிர் கிரீம் சுவரின் பல குறைகளை மன்னிக்கும்; அடர் நிறம் ஒன்றையும் விடாது. பட்டி பார்த்து உப்புத்தாள் போட்ட சுவரில் தேய்ப்பு சரியில்லாத இடம் வெள்ளையில் தெரியாது. கருநீலம் ஏறியதும் பக்கவாட்டு வெளிச்சத்தில் கரண்டி இழுத்த தடம் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். ஆகவே அடர் சுவருக்கு முதல் பட்டி, பிரைமர், பிறகு விளக்கைச் சுவரை ஒட்டிப் பிடித்துப் பார்த்து இரண்டாம் பட்டி, மறுபடி தேய்ப்பு என்று ஒரு சுற்று அதிகம் போகும். தேய்த்த தூசியை ஈரத்துணியால் எடுக்காமல் பெயிண்ட் ஏற்றினால், பின்னாளில் உரசல் பட்ட இடத்தில் வெள்ளைப் பட்டி எட்டிப் பார்க்கும்.

மேல்தளமும் சுவரும் சேரும் கோடு இன்னொரு சோதனை. பூச்சு வேலையில் அந்தக் கோடு நேராக வந்திருக்கும் வீடு அபூர்வம். இரண்டு பக்கமும் வெளிர் நிறமாக இருக்கும்வரை அரை அங்குல வளைவு யாருக்கும் தெரியாது. வெள்ளை மேல்தளத்துக்குக் கீழே கருநீலம் வந்தால் கோடு பாம்பாக நெளியும். கைதேர்ந்த பெயிண்டர் மூலையை நம்பாமல் இரண்டங்குலம் கீழே நூல் அடித்து, அதுவரை வெள்ளையை இறக்கி, நூலுக்குக் கீழே அடர் நிறத்தை நிறுத்துவார். கண் நேரான கோட்டைப் பார்த்துவிட்டு வளைந்த மூலையை மறந்துவிடும்.

ரோலர் ஓட்டுவதிலும் வேறுபாடு உண்டு. ஓரங்களில் பிரஷ்ஷால் கட்டிங் எடுத்த பட்டையும் ரோலர் ஓட்டிய நடுப்பகுதியும் வெவ்வேறு சொரசொரப்பில் காயும். வெளிர் நிறத்தில் இது தெரியாது, அடர் நிறத்தில் சுவரைச் சுற்றி விளிம்பு கட்டியதுபோல் தெரியும். கட்டிங் எடுத்த ஈரம் காய்வதற்குள் ரோலர் அதன்மேல் ஏற வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் மின்விசிறியையும் ஓடவிட்டால் ஈரம் நிமிடங்களில் போய்விடும். விசிறியை நிறுத்தி, வியர்வையோடு, ஒரு சுவரை ஒரே மூச்சில் முடிப்பதுதான் வழி. மதியச் சாப்பாட்டுக்கு நடுச்சுவரில் நிறுத்திவிட்டுப் போனால் அந்த இடம் நிரந்தரமாகக் கோடு போடும்.

ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பக்கூடாது. எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது பால் கலந்ததுபோல் வெளிறி இருக்கும், காய்ந்தால் அழுத்தமாகும். சுண்ணாம்பும் பொடி டிஸ்டெம்பரும் இதற்கு எதிர்: ஈரத்தில் அழுத்தமாக நின்று, காய்ந்தபின் வெளுக்கும். வெள்ளையடித்துப் பழகிய பழைய கைகள் எமல்ஷனுக்கு வந்த புதிதில் இதில் தடுமாறியது இயல்பு.

கடையில் டின்டிங் மெஷின் நிறத்தைக் கலக்கும் விதமும் செலவைத் தீர்மானிக்கிறது. வெளிர் நிறங்களுக்கான பேஸில் டைட்டானியம் டையாக்சைடு நிறைய இருக்கும். சுவரை மறைக்கும் வேலையை அந்த வெள்ளைப் பொடிதான் செய்கிறது. அடர் நிறத்துக்கு அந்த வெள்ளை இருந்தால் நிறம் வெளுத்துவிடும் என்பதால் அதைக் குறைத்த அல்லது நீக்கிய பேஸைப் பயன்படுத்தி, நிறக்கூழை அதிகம் ஊற்றுகிறார்கள். மறைக்கும் வேலை முழுக்க அந்த நிறத்தின் தலையில் விழுகிறது. இரும்பு ஆக்சைடு காவிகள் அதை நன்றாகச் செய்யும். சில நீலங்களும் பளிச்சென்ற சிவப்புகளும் கண்ணாடி போல் அடியைக் காட்டும். பட்டி பார்த்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 100 முதல் 140 சதுர அடி வரும் என்பது பொதுக்கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அறையில், பத்தடி உயரத்துக்கு, கதவு சன்னல் போகச் சுவர் 400 சதுர அடி என்றால் வெளிர் நிறத்துக்கு நான்கு லிட்டர் தாராளம். அடர் நிறத்துக்கு மூன்றாம் கோட்டுக்கும் சேர்த்து வாங்கி வைக்க வேண்டும். வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் கலந்த அடிக்கோட்டு கொடுத்தால் அந்த மூன்றாம் கோட்டு பல சமயம் மிச்சமாகும். எத்தனை டப்பா வாங்கினாலும் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்த பிறகே ஆரம்பிப்பது நல்லது. டப்பாவுக்கு டப்பா உள்ள இழையளவு வேறுபாடு அடர் சுவரின் நடுவில் வந்து நின்றால் மறைக்க வழியில்லை.

புதுப்பூச்சுச் சுவரில் காரம் அடங்கியிருக்காது. சில நீல நிறமிகள் அந்தக் காரத்தில் வெளுத்துத் திட்டுத்திட்டாகும். சுண்ணாம்புக் காலத்தில் வெள்ளையோடு சேர்ந்தவை காவியும் நீலமும்தான் என்பதற்கும் இதுவே காரணம்: இரும்பு ஆக்சைடும் அல்ட்ராமரீனும் காரத்தைத் தாங்கும், பிரஷ்ய நீலம் தாங்காது. ஓதம் ஏறும் சுவர் எந்த நிறத்தையும் கெடுக்கும்; கெடுக்கும் விதம்தான் வேறு. வெளிர் சுவரில் பழுப்பு வட்டம் விழும். அடர் சுவரில் உப்பு பூத்து வெள்ளையாக உதிரும். குளியலறையை ஒட்டிய சுவருக்குக் கருநீலம் அடித்துவிட்டு ஐப்பசி கார்த்திகையைக் கடத்துவது கடினம்.

புழக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனி எதிரிகள். எண்ணெய்த் தலை சாய்ந்த இடம், சுவிட்சைச் சுற்றிய விரல்தடம், பிள்ளைகளின் கிரேயான் இவை வெளிர் சுவரின் எதிரிகள். தூசி, பல்லி எச்சம், நகக்கீறல், நாற்காலி உரசிய வெள்ளைக்கோடு இவை அடர் சுவரின் எதிரிகள். அடர் மேட் சுவரைத் துணியால் அழுத்தித் துடைத்தால் துடைத்த இடம் மட்டும் மினுமினுக்கும். அடர் சுவரில் கொசு உட்கார்ந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பது வேறு. அடித்தால் தடமும் தெரியாது என்று அதற்கு ஆதரவாகச் சொல்பவர்களும் உண்டு. சமையலறையில் தாளிப்புப் புகை நாள்பட மஞ்சள் படிய வைப்பதால், தூய வெள்ளையைவிடக் கிரீம் அங்கே நீண்ட நாள் தாங்கும். பூஜை அறையில் விளக்குப்புகை மேல்நோக்கிக் கரி படியும். விளக்குக்கு நேர் மேலே சுவரில் ஒரு டைல்ஸ் பட்டை வைப்பது எந்த நிறத்தையும்விட நல்ல முடிவு. படிக்கும் அறை, தையல் மெஷின் இருக்கும் இடம், வயதானவர்கள் நடமாடும் நடை, படிக்கட்டு இவற்றுக்கு வெளிர் நிறம் தவிர வேறு யோசனையே வேண்டாம். படம் பார்க்கும் புரொஜெக்டர் அறைக்கு அடர் நிறம். திரையின் ஒளி சுவரில் பட்டுத் திரும்பித் திரையையே வெளுக்கச் செய்வதை அது தடுக்கும்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் பழைய வீடுகளில் இருந்ததில்லை. திண்ணையிலும் கூடத்திலும் சுவரின் அடியில் காவிப்பட்டை, மேலே நீலம் கலந்த சுண்ணாம்பு வெள்ளை. பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் தோள் உயரம் வரை எனாமல், மேலே டிஸ்டெம்பர். கை படும் உயரத்தில் அடர்த்தி, ஒளி திரும்பும் உயரத்தில் வெளிச்சம் என்ற அந்த ஏற்பாடு இன்றைக்கும் செல்லும். மூன்றரை அடி வரை பாசிப்பச்சையோ சாம்பல்நீலமோ, மேலே ஐவரி என்று கொடுத்தால் அறை இருட்டாகாது, அழுக்கும் தெரியாது. வாடகைக்கு விடும் வீட்டுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. அடுத்த குடித்தனத்துக்குக் கீழ்ப்பகுதியை மட்டும் அடித்தால் போதும்.

எதை எடுத்தாலும் சுவரில் நேராகச் சின்னக் கட்டமாக அடித்துப் பார்ப்பது பயன் தராது. பழைய நிறம் சுற்றிலும் நின்று புதியதைத் திரித்துக் காட்டும். இரண்டடிக்கு மூன்றடி ஹார்டுபோர்டில் பிரைமர் போட்டு, சுற்றி இரண்டங்குலம் வெள்ளை விட்டு, சாம்பிள் டப்பாவிலிருந்து இரண்டு கோட்டு அடித்து முழுக்கக் காய விட வேண்டும். அப்படி இரண்டு பலகை செய்து மூலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தினால் நிறம் நிறத்தின் மேல் பட்டுப் பெருகுவதும் தெரிந்துவிடும். காலை, நடுப்பகல், நாலு மணி, விளக்கு போட்டபின் என்று அதே பலகையை ஒவ்வொரு சுவருக்கும் நகர்த்திப் பார்க்க வேண்டும். பீரோவும் திரையும் வந்தபின் பார்த்தால் இன்னும் நல்லது. அதுவரை பெயிண்டர் காத்திருப்பாரா என்பது வேறு விஷயம். வீடு முழுக்க ஒரே வெள்ளை அடித்துக் குடிபுகுந்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அந்த ஒளியைப் பார்த்துவிட்டு அறை அறையாக நிறம் கொடுப்பவர்கள் மறுபடி அடிக்கச் சொல்வது குறைவு.

அடர் நிறத்திலிருந்து திரும்பி வருவதற்கும் செலவு உண்டு. கருநீலத்தின் மேல் நேராகக் கிரீம் ஏற்றினால் மூன்று கோட்டிலும் சாம்பல் தட்டும். லேசாக உப்புத்தாள் போட்டு, வெள்ளை பிரைமர் ஒன்றோ இரண்டோ கொடுத்து, அடியின் நிழல் மறைந்தபின் கிரீமை ஆரம்பிக்க வேண்டும். வெளிரிலிருந்து அடருக்குப் போக இந்தக் கூடுதல் பிரைமர் தேவையில்லை. மிஞ்சிய பெயிண்டைக் காற்றுப் புகாத சின்ன டப்பாவில் மாற்றி, ஷேடு எண்ணையும் பேஸின் பெயரையும் மூடியில் எழுதி வைத்தால் கிரீம் சுவரில் ஆணி எடுத்த ஓட்டையை இரண்டு வருடம் கழித்தும் டச்சப் செய்யலாம். அடர் சுவரில் அந்தத் திட்டு தனியாகத் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரையும் ஒரு கோட்டு அடித்துவிடுவதே அதற்கு வழி.